இணையத்தில் கண்டதெல்லாம் சான்றாகுமா?

சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களைப் பற்றிக் கட்டுரை எழுதி வருமாறு பள்ளியிலோ கல்லூரியிலோ பணிக்கப்படும் மாணவன் இன்று முதலில் நாடுவது நூலகத்தை அன்று, கைப்பேசியை. இரண்டு மூன்று சொற்களைத் தட்டியதும் நூற்றுக்கணக்கான இணையதளங்கள் அவன் முன் வரிசையாக வந்து நிற்கின்றன. நாட்டின் பட்டாசில் 90 விழுக்காடு இங்கே உருவாகிறது என்கிறது ஒன்று. எட்டு லட்சம் பேர் இத்தொழிலை நம்பி வாழ்கின்றனர் என்கிறது மற்றொன்று. 45,000 குழந்தைகள் தீப்பெட்டி ஆபீஸ்களிலும் பட்டாசு ஆலைகளிலும் உழல்கின்றனர் என்கிறது வேறொன்று. மாணவன் மூன்றையும் எடுத்து எழுதுகிறான். வண்ணப் படம் ஒன்றையும் ஒட்டுகிறான். ஆசிரியர் நல்ல மதிப்பெண் இடுகிறார். பெற்றோரும் மகிழ்கின்றனர்.

இதில் என்ன குறை கண்டீர் என்று நீங்கள் கேட்கலாம். வேறு ஊர்ப் பிள்ளை எழுதினால் அது வெறும் பள்ளிப் பாடமாகப் போகலாம். விருதுநகரிலும் சாத்தூரிலும் திருவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் அருப்புக்கோட்டையிலும் வாழும் நமக்கு அது அண்டை வீட்டாரின் வாழ்க்கை பற்றிய செய்தி. அவர்களைப் பற்றி நம் பிள்ளை எழுதுவது மெய்யா, பழியா, முகமனா என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

அந்த 45,000 என்னும் எண்ணையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1980களில் சிவகாசி வட்டாரத்துக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி எழுதியவர்கள் பலரும் ஆண்ட எண் அது. 1983-ஆம் ஆண்டு ஜூலையில் ‘எக்கனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’ என்னும் ஆங்கில ஆய்விதழில் ஸ்மிது கோத்தாரி எழுதிய கட்டுரை இந்நாட்டின் மனச்சாட்சியை உலுக்கியது. 1986-இல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் 1990-இல் வந்த தீர்ப்பைப் படித்துப் பார்த்தால் முற்றிலும் வேறோர் எண் தென்படுகிறது. 1985 டிசம்பர் 31 நிலவரப்படி அப்பகுதியில் பதிவுபெற்ற தீப்பெட்டித் தொழிற்சாலைகள் 221 என்றும், அவற்றில் வேலை செய்தோர் 27,338 பேர் என்றும், அவர்களுள் குழந்தைகள் 2,941 பேர் என்றும் நீதிமன்றத்தில் தாக்கலான எதிர்மனுவில் கூறப்பட்டிருந்தது.

ஒரே பத்தாண்டு, ஒரே வட்டாரம். ஓரிடத்தில் 45,000, மற்றோரிடத்தில் 2,941. இரண்டில் ஒன்று பொய் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடலாகாது. பின்னதில் எண்ணப்பட்டவை பதிவுபெற்ற தீப்பெட்டித் தொழிற்சாலைகள் மட்டுமே. பட்டாசு ஆலைகள் அக்கணக்கில் இல்லை. பதிவே செய்யாமல் நடந்த சிறு பட்டறைகள் இல்லை. வீட்டுத் திண்ணையில் தாயோடு உட்கார்ந்து பெட்டி ஒட்டிய பிள்ளைகளும் இல்லை. அதுமட்டுமன்று, சம்பளப் பதிவேட்டில் குழந்தையின் பெயரை எழுதி வைத்துத் தானே மாட்டிக்கொள்ள எந்த முதலாளிதான் விரும்புவார்? முன்னதோ, சுற்றுக் கிராமங்களையும் வீட்டு வேலையையும் உள்ளடக்கிய ஒரு மதிப்பீடு; தலைதலையாக எண்ணி எடுத்த கணக்கன்று. அரசின் ஏட்டில் வந்த எண் என்பதால் முழு உண்மையாகிவிடாது. அநீதியை எதிர்த்தவர்கள் சொன்ன எண் என்பதாலும் அது முழு உண்மையாகிவிடாது. எண்ணியவர் யார், யாரை எண்ணினார், எப்போது எண்ணினார் என்னும் மூன்றையும் அறியாதவனுக்கு இரண்டு எண்களுமே பயன்படா.

இதனினும் பெரிய பிழை ஒன்று உண்டு. 1980களின் அந்த மதிப்பீட்டை எடுத்து, ஆண்டைக் கழற்றி எறிந்துவிட்டு, இன்று நடப்பது போல் நிகழ்காலத்தில் எழுதி வைத்திருக்கும் தளங்கள் இன்னமும் உள்ளன. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதே மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று, சட்டத்தை மீறிய முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2016-இல் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. இவ்வளவும் நடந்து முடிந்த பின்னர், அன்று தீக்குச்சி அடுக்கிய சிறுமி இன்று பேரப்பிள்ளை எடுத்திருக்கக்கூடிய காலத்தில், அவளை இன்னும் ஆலையிலேயே உட்கார வைத்திருக்கிறது அந்தத் தளம். அதைப் படித்து எழுதும் பிள்ளை, தன் பக்கத்து ஊரின் மீது நாற்பது ஆண்டு பழைய குற்றச்சாட்டைப் புதிதாகச் சுமத்துகிறது. குழந்தை உழைப்பு எங்குமே இல்லாது ஒழிந்தது என்று இதனால் நாம் சாதிக்க வரவில்லை. சொல்பவன் இன்றைய கணக்கைக் கொண்டுவந்து சொல்லட்டும் என்கிறோம்.

நூறு தளங்கள் சொல்கின்றனவே, நூறு பேருமா தவறுவர் என்று மாணவன் வாதிடலாம். இந்த வாதத்துக்கு விடை காணும் கலையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தியை ஏற்குமுன் அதன் அறிவிப்பாளர் வரிசையைக் கேட்டனர். யார் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தவரா, சந்தித்தது உண்டா, கேட்டவரின் நினைவாற்றல் எத்தகையது, முதுமையில் அது தளர்ந்ததா என்றெல்லாம் துருவினர். அறிவிப்பாளர்களின் வரலாற்றுக்கென்றே பல தொகுதிகள் எழுந்தன. ஹாபிழ் இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) அவர்களின் ‘தஹ்தீபுத் தஹ்தீப்’ அவற்றுள் ஒன்று. இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரு செய்தியை எத்தனை பேர் பின்னாளில் சொன்னாலும், அவர்கள் அனைவரும் மேலே ஒரே ஒரு மனிதரிடம் சென்று முடிந்தால், அதை ஒருவர் சொன்ன செய்தியாகவே அவர்கள் கொண்டனர். நூறு தளங்கள் ஒரே தளத்தைப் பார்த்து எழுதியிருந்தால் அங்கே இருப்பது ஒரு சாட்சியே, தொண்ணூற்றொன்பது எதிரொலிகள். ஒரே சொற்றொடர், ஒரே எழுத்துப் பிழையுடன் பத்து இடங்களில் வருமானால் உங்கள் பிள்ளையிடம் அதைச் சுட்டிக் காட்டுங்கள்; அவனே சிரித்துவிடுவான்.

நல்லவர் என்பதால் மட்டும் ஒருவரின் அறிவிப்பை அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் மறந்துவிடலாகாது. வணக்கசாலியாகவும் வாய்மையாளராகவும் இருந்தும், நினைவு வலுவற்றவர் என்பதால் ஒதுக்கப்பட்டவர்கள் பலர். நம் சமுதாயத்தின் பெயரால் நடக்கும் இணையதளமாயிற்றே, நல்ல நோக்கத்தோடு நடத்துகிறார்களே என்று நாம் தரும் சலுகையை அந்தப் பெரியோர்கள் தரவில்லை.

எண்களைப் பொறுத்தவரை இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’வின் தொடக்கத்திலேயே வரலாற்றாசிரியர்களைக் கடிந்துகொள்கிறார். மூஸா நபி (அலை) அவர்களின் படையில் ஆறு லட்சம் பேர் இருந்தனர் என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி வந்ததை எடுத்துக்கொண்டு, அவ்வளவு பெரிய படை ஒரு போர்க்களத்தில் அணிவகுக்க இயலுமா, அதன் ஒரு முனையில் நடப்பதை மறுமுனை அறியுமா என்று வினவுகிறார். பணத்தையும் படையையும் பற்றிய எண்கள் மிகைப்படுத்தலுக்கு எளிதில் இடங்கொடுப்பவை என்பது 14-ஆம் நூற்றாண்டில் அவர் கண்டது. எட்டு லட்சம் தொழிலாளர் என்னும் எண்ணை அவர் முன் வைத்தால் என்ன கேட்டிருப்பார்? ஆலைக்குள் மருந்து கலப்பவரும் திரி ஏற்றுபவரும் மட்டுமா, அட்டைப்பெட்டி அச்சடிப்பவரும் லாரி ஓட்டுபவரும் தீபாவளிக்குக் கடை போடுபவரும் சேர்த்தா என்றுதான் கேட்டிருப்பார். தொழில் துறையினர் தம் தேவையை அரசுக்கு எடுத்துரைக்கும்போது, மறைமுகமாகப் பிழைப்போரையும் சேர்த்துச் சொல்வது இயல்பு. அதில் வஞ்சகம் இல்லை. அதையே ‘ஆலைத் தொழிலாளர் எட்டு லட்சம்’ என்று மாணவன் மாற்றி எழுதும்போதுதான் செய்தி கெடுகிறது.

படங்களின் கதை இதைவிட விந்தையானது. தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து எடுத்த இந்தியா என்று ஒரு படம் ஆண்டுதோறும் வலம் வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாடெங்கும் வெள்ளையும் நீலமும் பச்சையும் சிவப்புமாக ஒளிரும். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா வெளியிட்டது என்று கீழே எழுதியிருக்கும். பட்டாசுத் தொழிலைப் பற்றிய கட்டுரையின் முகப்புக்கு இதைவிடப் பொருத்தமான படம் உண்டா? உண்மையில் அது தீபாவளிப் படமே அன்று. அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர் கிறிஸ் எல்விட்ஜ், 2003-இல் பல ஆண்டுகளின் செயற்கைக்கோள் தரவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உருவாக்கிய படம் அது. 1992-க்கு முன்பே இருந்த விளக்குகளுக்கு வெள்ளை, 1992-இல் தோன்றியவற்றுக்கு நீலம், 1998-இல் தோன்றியவற்றுக்குப் பச்சை, 2003-இல் தோன்றியவற்றுக்குச் சிவப்பு என்று வண்ணம் இட்டு, மக்கள் பெருக்கத்தைக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது. 2012-இல் நாசாவே இதைத் தெளிவுபடுத்தி, அவ்வாண்டு நவம்பர் 12 இரவில் எடுத்த உண்மையான படத்தையும் வெளியிட்டது. அதில் மற்ற இரவுகளைப் போலவே நகர விளக்குகள் தெரிகின்றன. பட்டாசின் கூடுதல் ஒளி விண்ணிலிருந்து பிரித்துக் காண இயலாத அளவுக்கு மிகச் சிறியது என்பதே அவர்கள் தந்த விளக்கம். மறுப்பு வெளிவந்து ஆண்டுகள் பல ஓடிவிட்டன. படம் ஓய்ந்தபாடில்லை.

அந்தப் படம் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. தீங்கு செய்யும் செய்திகளும் உண்டு. எதிரி நாடுகள் கூடிச் சதி செய்து, ஆஸ்துமாவையும் கண் நோயையும் உண்டாக்கும் நச்சுப் பட்டாசுகளைச் சீனாவிலிருந்து அனுப்பியுள்ளன என்று, மத்திய உள்துறை அமைச்சக அதிகாரி ஒருவரின் பெயரைப் போட்டு வந்த செய்தி அத்தகையது. உள்துறை அமைச்சகம் அப்படி எதுவும் வெளியிடவில்லை என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் மறுத்துரைத்தது. சீனப் பட்டாசு சட்டவிரோதமாக நாட்டுக்குள் நுழைவது குறித்துச் சிவகாசி உற்பத்தியாளர்களுக்கு நியாயமான குறைகள் இருந்தன; அது வேறு செய்தி. ஓர் உண்மையான குறையின் மீது பொய்யை ஏற்றி அனுப்பினால் அது வெகுதூரம் செல்லும் என்பதைப் பொய்யைப் புனைவோர் நன்கு அறிவர்.

தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தும் நிலை ஏற்படாதிருக்க, அதைத் தீர விசாரித்துக்கொள்ளுமாறு திருக்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. பனூ முஸ்தலிக் கூட்டத்தார் ஜகாத்தைத் தர மறுத்துவிட்டனர் என்று தவறாக வந்த செய்தியும், அதனால் ஒரு படையெடுப்பே நேரவிருந்ததும் இவ்வசனத்தின் பின்னணி என்று விரிவுரையாளர்கள் பலர் கூறியுள்ளனர். இங்குள்ள வினைச்சொல்லைத் ‘தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்’ என்னும் பொருளிலும், ‘நிதானித்து உறுதி செய்யுங்கள்’ என்னும் பொருளிலும் ஓதும் இருவேறு கிராஅத்துகள் உண்டு. ஹம்ஸா, கிஸாயீ ஆகியோரின் ஓதல் இரண்டாவதைச் சேர்ந்தது. தேடுதலும் வேண்டும், தாமதித்தலும் வேண்டும். விரல் நுனியால் நொடிப்பொழுதில் பகிர்ந்துவிடும் நம் காலத்துக்கு அந்த இரண்டாம் பொருளே அதிகம் தேவைப்படுகிறது என்பது எம் கருத்து. காதில் விழுந்ததையெல்லாம் அப்படியே பரப்புவதையும் பொய்யின் வகையிலேயே சேர்த்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளதை நாம் அறிவோம்.

எழுதியவரின் நலன் எது என்று பார்ப்பதும் மாணவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘பசுமைப் பட்டாசு’ என்னும் பெயரையே பாருங்கள். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடிகளையும் தடை செய்து, மாசு குறைந்த பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. நாக்பூரிலுள்ள நீரி எனப்படும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் புதிய கலவைகளை உருவாக்கியது. அந்நிறுவனம் சொல்வது, நுண்துகள் மாசு ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும் என்பதே. விற்பனையாளரின் தளத்துக்கு வரும்போது அது ‘மாசற்ற பட்டாசு’ ஆகிவிடுகிறது. பட்டாசை அறவே எதிர்ப்போரின் தளத்துக்குச் சென்றால், பசுமை என்பதே முழு ஏமாற்று என்றிருக்கும். 30 விழுக்காடு குறைகிறது என்றால் 70 விழுக்காடு எஞ்சுகிறது என்னும் எளிய கணக்கை இரு தரப்புமே வாசகனுக்குச் சொல்வதில்லை. மாணவன் போக வேண்டிய இடம் நீரியின் சொந்த வெளியீடும் தீர்ப்பின் மூலமுமே ஆகும்.

விபத்துச் செய்திகளில் நாளைப் பார்ப்பது இன்றியமையாதது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த கொடிய வெடிவிபத்தில் மாண்டோர் எத்தனை பேர் என்று தேடினால், 38 என்றும் 40 என்றும் வரும்; 50-ஐத் தாண்டிய எண்ணும் வரும். புகை அடங்குமுன் எழுதப்பட்ட செய்தியும், மருத்துவமனையில் உயிர்நீத்தோரையும் சேர்த்துப் பின்னர் எழுதப்பட்ட செய்தியும் இணையத்தில் ஒரே அலமாரியில் கிடக்கின்றன. நாளிதழ் என்றால் நேற்றையது பழுத்துப் போகும். பழையது என்று தாளே சொல்லிவிடும். இணையப் பக்கத்துக்கு அந்தப் பழுப்பு நிறம் ஏறுவதில்லை.

போலித் தளங்களைப் பற்றியும் ஒரு சொல். இணையவழிப் பட்டாசு விற்பனைக்கு 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே தடை விதிக்கப்பட்டது. அப்படியிருந்தும் தீபாவளி நெருங்கும்போது சிவகாசியின் பெயரைத் தாங்கிப் பாதி விலைக்குத் தருவதாகத் தளங்கள் முளைக்கின்றன. பணம் போகிறது, பட்டாசு வருவதில்லை. தமிழ்நாடு இணையவழிக் குற்றப்பிரிவு 2024-இல் இதுகுறித்து மக்களை எச்சரித்தது. ஏமாந்தவர் 1930 என்னும் எண்ணில் முறையிடலாம். ஆலையின் படம், முகவரி, புன்னகைக்கும் வாடிக்கையாளர் என எல்லாம் அத்தளங்களில் கச்சிதமாக இருக்கும். தோற்றத்தின் அழகு நம்பகத்துக்குச் சான்றாகாது என்பதை நம் குடும்பங்கள் பணத்தை இழந்து கற்றுக்கொண்டுள்ளன. பாடத்துக்காகத் தேடும் தளத்திலும் இதே ஐயம் பிள்ளைக்கு வர வேண்டாமா?

இப்போது புதிதாக ஒன்றும் வந்திருக்கிறது. தேடவே வேண்டாம், கேட்டால் போதும் என்று செயற்கை நுண்ணறிவு விடையையே எழுதித் தருகிறது. நடை சீராக இருக்கும். தயக்கம் என்பதே இராது. ஆதாரம் கேட்டால் நூற்பெயரும் பக்க எண்ணும்கூடத் தரும். அவற்றுள் சில உலகில் இல்லாத நூல்களாக இருக்கும்! 2023-இல் நியூயார்க்கில் இரு வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி புனைந்து தந்த இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோளாகக் கொடுத்து 5,000 டாலர் அபராதத்துக்கு உள்ளானார்கள். ஹதீஸை இட்டுக்கட்டியோரும் வெறும் செய்தியை மட்டும் புனையவில்லை. புகழ்பெற்ற பெயர்களைக் கோத்து அறிவிப்பாளர் வரிசையையும் சேர்த்தே புனைந்தனர். ஆகவேதான் வரிசை இருக்கிறதா என்று பார்த்ததோடு அறிஞர்கள் நிற்காமல், வரிசையிலுள்ள ஒவ்வொருவரையும் சோதித்தனர். அடிக்குறிப்பு இருப்பது ஒன்று. அந்த அடிக்குறிப்பைத் திறந்து பார்ப்பது வேறொன்று. விக்கிப்பீடியாவைப் பயன்படுத்தும் பிள்ளையிடமும் இதையே சொல்லுங்கள். அதைத் தீண்டாதே என்று தடுப்பது வீண். அதன் அடியிலுள்ள குறிப்புகளின் வழியே மூலத்துக்குப் போகக் கற்றுக் கொடுப்பதே பயன் தரும்.

மூலத்துக்குப் போவது முன்போல் அரிதான செயலும் அன்று. 2023 ஜனவரி முதல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புத் தொகுப்புகள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மக்கள்தொகைக் கணக்கின் அட்டவணைகளும் அவ்வாறே. 2011-இல் விருதுநகர் மாவட்டத்தின் மக்கள்தொகை 19,42,288 என்பதை எந்தப் பயண வழிகாட்டித் தளத்திடமும் கேட்க வேண்டியதில்லை. பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம் இருக்கிறது. இவற்றைவிட அருகில் இன்னொரு மூலமும் உண்டு. 1980களில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவர்கள், விடியுமுன் வந்து நின்ற ஆலைப் பேருந்தில் ஏறிப் போனவர்கள், நம் தெருக்களில் இன்றும் வாழ்கின்றனர். எத்தனை வயதில் போனாய் அத்தா, கூலி என்ன கிடைத்தது, பதிவேட்டில் உன் பெயர் இருந்ததா என்று ஒரு பிள்ளை தன் பாட்டனாரிடம் கேட்டு, பெயரை விடுத்து, கேட்ட நாளைக் குறித்து எழுதினால், அந்த 45,000-க்கும் 2,941-க்கும் இடையில் நடந்தது என்ன என்பதைப் பற்றி எந்தத் தளமும் தராத ஒரு சாட்சியம் அக்கட்டுரையில் இருக்கும். அது ஒருவரின் சாட்சியம் மட்டுமே என்றும் அவன் எழுத வேண்டும்.